முதுகைத் திருப்பிக்கொண்ட பன்றிகள்

"நான் கடைஞ்ச யானை தும்பிக்கையத் தூக்குச்சுன்னா, சிலோன் காட்டுல நிக்கற நிஜ யானை வெக்கப்பட்டுத் தன் தும்பிக்கைய வாய்க்குள்ள ஒளிச்சுக்கும்" என்று லேபரெக்ட் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பீர்க்கடையில் சொன்னபோது, டான்னன்பாக் ஊரில் அதை நம்பியவர் ஒருவரும் இல்லை. சொன்னவரே பாதிதான் நம்பினார். மீதிப் பாதியை அவர் கையிலிருந்த பீர் நம்பியது.

டான்னன்பாக்கில் மனிதரைவிட மர மிருகங்கள் அதிகம். சாக்ஸனி மலையில் வெள்ளிச் சுரங்கம் வற்றிய பிறகு, ஊரே கடைசல் பட்டறைக்கு மாறிவிட்டது. எந்த வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் ஒட்டகம் காய்ந்துகொண்டிருக்கும். இருட்டில் உருளைக்கிழங்குக்குக் கையை நீட்டினால் சிங்கம் அகப்படும். போதகர் ஒருமுறை நோவாவின் பேழையைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது, காண்டாமிருகத்துக்கு மேற்பூச்சு இன்னும் காயவில்லை என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் திருத்தினாராம்.

மிருகத்தை ஒவ்வொன்றாகச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் வேறு ஊர்க்காரர்கள் செய்கிற வேலை. இங்கே ஈர மரத்தட்டைக் கடைசலில் பூட்டி, வட்ட வளையமாகக் கடைவார்கள். அந்த வளையத்தைக் கேக் வெட்டுவதுபோலக் கத்தி வைத்துப் பிளந்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு பசு. பிளக்கும்வரை உள்ளே இருப்பது பசுவா போதகரா என்று கடைந்தவர் கண்ணுக்கே தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் டிரெஸ்டனிலிருந்து, மாகிஸ்டர் பட்டம் வாங்கிய ஓஸ்வால்ட் சொல்லியனுப்பியிருந்தார். பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் வாங்கும் சங்கத்தின் ஆள் அவர். பிள்ளைகள் கையால் தொட்டு, பிரித்து, அடுக்கிப் படிக்க ஒரு மிருகப் பெட்டி வேண்டும். அதில் தும்பிக்கையை மேலே தூக்கி வளைத்த யானை இருக்க வேண்டும். ஒட்டவைத்த தும்பிக்கை கூடாது; அதைப் பிள்ளைகள் ஒரு நாள் பிடுங்குவார்கள், மறுநாள் விழுங்குவார்கள். உடம்போடு ஒன்றாகக் கடைந்து காட்டுபவருக்கே பெட்டி முழுவதற்கும் வேலை. அந்த வேலை யாருக்குக் கிடைக்கிறதோ அவர் வீட்டு அடுப்பு பல குளிர்காலங்களுக்கு அணையாது.

தொங்குகிற தும்பிக்கையை யார் வேண்டுமானாலும் கடையலாம். நெற்றிக்கு மேலே வளைந்து நிற்கிற தும்பிக்கைக்கு, கொக்கி உளியைக் குருட்டுத்தனமாக உள்ளே விட்டு, முட்டை ஓட்டுக்குள் கரு உடையாமல் துடைப்பதுபோலத் துடைக்க வேண்டும். நடக்கிற காரியமில்லை என்பதுதான் ஊரின் முடிவு. பால்டசாரின் முடிவும் அதுதான்.

பால்டசார் லேபரெக்டுக்கு அடுத்த கடைசலில் நிற்பவர். இருவரும் ஒரே ஆற்றுச் சக்கரத்தில் ஓடுகிற ஒரே பட்டறையில், பிறந்ததிலிருந்து ஒருவர் வேலையை ஒருவர் எட்டிப்பார்த்து வயிறெரிந்து வளர்ந்தவர்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு உண்டு. "உன் மூச்சு பட்டா என் குதிரைக்குக் கால் கோணிடுதுய்யா" என்று சொல்லி லேபரெக்ட் அடித்த தடுப்பு அது.

"எங்க, யானையக் காட்டு பாப்போம்" என்றார் பால்டசார்.

"காயாம இருக்க ஈர மரத்தூளுக்குள்ள தூங்குது. திங்கக்கிழமைதான் பிளப்பேன். கடைசி இழுப்புல கொக்கி உளி மொனை ஒடைஞ்சுடுச்சு. யானை ஒடையல."

"யானையும் கண்ணுல காணோம், உளியும் காணோம். வாய் மட்டும் இருக்கு."

கடையே சிரித்தது. சிரிப்பில் குளிர்காய்ந்து எழுந்த லேபரெக்ட் இன்னொன்றையும் சொன்னார். "இந்த யானைக்குக் கண்ணை மட்டும் ரோசீனா எழுதட்டும். அப்பேர்ப்பட்ட யானைக்கு அப்பேர்ப்பட்ட கண்ணு வேணும்."

ரோசீனா பால்டசாரின் தங்கை. கறுப்புக் கண்ணில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாள். மரக் கழுதைகூட நம்மைப் பார்த்துக் கொட்டாவி விடப்போவதுபோல இருக்கும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து லேபரெக்டின் மிருகங்களுக்கெல்லாம் வர்ணம் பூசுவது அவர் மனைவி கன்கோர்டியா. லேபரெக்ட் இதைச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்த்தவர் ட்ராவ்காட். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பை போனதே தவிர விநியோகம் நிற்கவில்லை.

ட்ராவ்காட் அன்று இன்னொன்றையும் கவனித்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்த பால்டசார், பாதி பீரை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். வீணாக்க மனமில்லாமல் மீதியைக் குடித்தது ட்ராவ்காட்தான், அதனால் அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது.

திங்கட்கிழமை காலை பட்டறையில், வளையத்தை மூடியிருந்த சாக்கை லேபரெக்ட் தூக்கினார். ஈரத் தூள் இருந்தது. வளையம் இல்லை.

அவர் போட்ட சத்தத்தில் ஆறே ஒரு நிமிஷம் நின்று கேட்டதாகப் பட்டறைக்காரர்கள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள். பால்டசார் மட்டும் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "பிடரிப் பக்கமா உளிய உள்ள விட்டு வளைச்சா சுவர் நிக்குமாய்யா? காயிதம் மாதிரி கிழிஞ்சிடும். கிழிஞ்சிருக்கும், நீயே அடுப்புல போட்டிருப்ப. இல்லாத வளையத்த எவன் வந்து திருடுவான்?" என்றார்.

மதியத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. வளையம் திருட்டுப் போகவில்லை, வளையமே கிடையாது, வாய்ச்சவடால் விட்டவர் மாட்டிக்கொள்ளாமலிருக்கத் திருட்டுக் கதை கட்டுகிறார். ட்ராவ்காட் விடவில்லை. தாமாகவே துப்பறிவாளராகப் பதவியேற்றுக்கொண்டு, மூன்று நாள் வீடு வீடாகப் போனார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மரவளையம் எங்கேயாவது உண்டா என்று தொட்டிலுக்கடியிலும் மாவுப் பீப்பாயிலும் தேடினார். பால்டசார் வீட்டில் மட்டும் இரண்டு தடவை தேடினார். இரண்டாம் தடவை ரோசீனா அவர் தலையில் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டினாள்.

வியாழக்கிழமை காலை, தேடித் தோற்றுப்போன லேபரெக்டும் ட்ராவ்காட்டும் பாலர் பள்ளியின் கதவைத் தட்டினார்கள்.

சிடோனி டீச்சருக்கு எதற்கும் அவசரம் கிடையாது. கூரை பற்றி எரிந்தாலும், "முதல்ல கட்டையெல்லாம் பெட்டிக்குள்ள அடுக்குங்க கண்ணுங்களா" என்பவர். அவர் பள்ளியில் ஒரு விதி உண்டு: பெட்டியிலிருந்து எடுத்த மரக்கட்டைகளைப் பிரித்து வீடு கட்டலாம், பாலம் கட்டலாம், ஆனால் முடிவில் எல்லாவற்றையும் சேர்த்து முழுக் கட்டமாக்கித்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு கட்டைகூட மிஞ்சக்கூடாது.

அன்று பள்ளியில் ஒரே அழுகை. பிள்ளைகள் தரையில் மரப் பன்றிகளை வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன டீச்சரம்மா, பசங்க பன்னிய அடிச்சுதுங்களா, பன்னி பசங்கள அடிச்சுதா?" என்று கேட்டார் ட்ராவ்காட்.

"பன்னிங்களுக்குள்ள சண்டையாம். எப்பவும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சா வட்டமா நின்னு தொட்டியில சாப்பிடுமே, இதுங்க சாப்பிட மாட்டேங்குதாம். முதுகத் திருப்பிக்குதாம். நேத்துக் காலையில யாரோ ஒரு கூடை நிறைய வாசல்ல வச்சிட்டுப் போயிருக்காங்க. உக்காருங்க லேபரெக்ட். உங்க முகத்தப் பாத்தா உங்க பன்னியும் சாப்பிடல போலிருக்கு."

லேபரெக்ட் குழந்தைகளின் குட்டி முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு மாகிஸ்டர் வருகிறார். மலைப்பாதையைப் பனி மூடுமுன் மதியமே திரும்பிவிடுவார். இன்னொரு வளையம் கடையலாமென்றால் கொக்கி உளி இல்லை. அதை அடித்துக் கொடுக்கிற கொல்லர் மூன்று மலைக்கு அப்பால். "வேலை போனாப் போவுது டீச்சர். பொய்யன்னு பேர் வந்துடுச்சு. நாளைக்கு நான் பசுவக் கடைஞ்சாக்கூட, இது நீதான் கடைஞ்சியான்னு கேப்பானுங்க."

சிடோனி மெல்லத் தலையாட்டினார். "ஈர வளையம் பிளக்காம எவ்வளவு நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள். அதுக்கு மேல காய்ஞ்சு வெடிச்சுத் தெறிச்சுடும்."

"மூணு நாளா நீங்க ரெண்டு பேரும் என்னத்தத் தேடுனீங்க?"

"வளையத்தத்தான்" என்றார் ட்ராவ்காட் பெருமையாக. சொல்லி முடித்ததும் அவர் வாய் மூட மறந்துபோயிற்று.

"வளையம் இப்ப உலகத்துலயே இல்ல" என்றார் சிடோனி. "ஒண்ணு, அத எரிச்சிருக்கணும். இல்ல, பிளந்திருக்கணும். லேபரெக்ட், யானைக்குத் தலை வளையத்துல உள்பக்கமா வருமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கந்தான். பிளக்கும்போது வெளிப்பக்கந்தானே தடிமனா வரும்? யானைக்குத் தலை அகலம், காது வேற ஒட்டணும். பசு, ஆடு, பன்னிக்கெல்லாம் பின்பக்கம் வெளிய இருக்கும்."

"சரி. நாளைக்குக் காலையில உங்க வீட்டம்மாவோட இங்க வாங்க. பால்டசாரும் ரோசீனாவும் வரட்டும். மாகிஸ்டரையும் இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க. நான் காப்பி போட்டு வைக்கிறேன்."

லேபரெக்ட் போனதும் ட்ராவ்காட் குரலைத் தாழ்த்தினார். "டீச்சரம்மா, பால்டசார்தான். பாதி பீரை வச்சிட்டுப் போனவன நம்பலாமா? அந்தக் குடும்பத்துல பிறந்தவன் எவனும் பீரை மிச்சம் வச்சதா சரித்திரமே இல்ல."

"அது பெரிய விஷயந்தான்" என்று ஒப்புக்கொண்டார் சிடோனி. "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இந்தப் பன்னிகளோட கண்ணைப் பாத்து வரிசையா நிறுத்துங்க. மோசமான கண்ணு அந்தக் கடைசியில, நல்ல கண்ணு இந்தக் கடைசியில."

ட்ராவ்காட் சன்னலோரம் மண்டியிட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு ராணுவத்தையே அணிவகுத்தார். முதல் பன்றிக்கு வெள்ளைப் புள்ளி வழிந்து கன்னத்துக்கு வந்திருந்தது. அடுத்ததற்குப் புள்ளி கண்ணையே மூடியிருந்தது. போகப் போகப் புள்ளி சுருங்கிற்று, இடத்துக்கு வந்தது. கடைசிப் பன்றிகள் அவரை நேராகப் பார்த்தன; ஒன்று, அவர் குடித்த பீர் யாருடையது என்று கேட்பதுபோலவே பார்த்தது.

"டீச்சரம்மா, இது ரோசீனா கண்ணு" என்று ட்ராவ்காட் கிசுகிசுத்தார். "அண்ணன் திருடியிருக்கான், தங்கச்சி பூசியிருக்கா. நான் போயி..."

"நீங்க போயி காப்பிக்கொட்டை வாங்கிட்டு வாங்க. நாளைக்கு நிறையப் பேரு வர்றாங்க."

வெள்ளிக்கிழமை காலை, டான்னன்பாக்கின் பெரிய மனிதர்களெல்லாம் பாலர் பள்ளியின் குட்டி பெஞ்சுகளில் முழங்காலைக் காதோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாகிஸ்டர் ஓஸ்வால்ட் மெலிந்த உயரமான மனிதர். அவர் உட்கார்ந்தபோது மடக்கிய குடைபோல இருந்தார். லேபரெக்ட் ஒரு மூலை; தான் கடைந்த, தும்பிக்கை தொங்குகிற யானையோடு பால்டசார் எதிர் மூலை. கன்கோர்டியாவும் ரோசீனாவும் ஒரே பெஞ்சில்; இருவருக்கும் நடுவே விட்ட இடத்தில் இன்னொரு குடும்பம் உட்காரலாம். ட்ராவ்காட் கதவை மறித்து நின்றார். யாரும் ஓடப் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தம்.

சிடோனி எல்லாருக்கும் காப்பி ஊற்றினார். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் பன்றிகளைக் கையில் கொடுத்தார்.

"இது பள்ளிக்கூடம். இங்க வந்தா விளையாடணும். பக்கத்துல பக்கத்துல ஒட்டி வைங்க, இடைவெளி இருக்கக் கூடாது. கணு, ரேகை எல்லாம் சேரணும். காலடியில வர்ணம் இல்ல, அதப் பாத்துச் சேருங்க."

"நான் ஆணி அடிக்கற வயசுலயே இதையெல்லாம் விட்டுட்டேன்" என்றார் பால்டசார்.

"அப்ப உங்களுக்குச் சுலபமா வரும், வைங்க."

முதலில் முணுமுணுப்பு. பிறகு "அது இங்க வராது, தள்ளு", "உன் பன்னி என் பன்னிய இடிக்குது" என்று சண்டை. பிறகு சத்தமே இல்லை. ஆறு பெரியவர்கள் தலையை முட்டிக்கொண்டு பன்றி அடுக்கினார்கள். மாகிஸ்டர் தரையில் குப்புறப் படுத்தேவிட்டார். பன்றிகள் ஒன்றோடொன்று ஒட்ட ஒட்ட வரிசை தானாக வளைந்தது. எல்லாப் பன்றிகளும் பின்பக்கத்தை உள்ளே வைத்து, மூக்கை உலகத்துக்குக் காட்டிக்கொண்டு, வட்டம் மூடிக்கொண்டது. கடைசிப் பன்றி உள்ளே போனபோது க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

சிடோனி ஒரு கயிற்றை வட்டத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மொத்தத்தையும் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டினார். நூற்றுக்கணக்கான வர்ணமில்லாத பாதங்கள். அவற்றின்மேல், மரத்தின் வயது ரேகைகள் ஒரு பன்றியின் காலிலிருந்து அடுத்த பன்றியின் காலுக்குத் தாவித் தாவி வட்டமாக ஓடின. ஓரிடத்தில் பழுப்பாக ஒரு கணு, இரண்டு பன்றிகளுக்குப் பாதிப் பாதியாய்.

லேபரெக்ட் அதன்மேல் விரலை வைத்தார். "இந்தக் கணு. இதுக்குப் பயந்துதான் அன்னிக்குச் சக்கரத்த மெதுவா ஓட்டுனேன். இது என் வளையம்."

"பன்னிக்குத் தலை எப்பவும் உள்பக்கம்" என்றார் சிடோனி. "அதனாலதான் பக்கத்துல பக்கத்துல வச்சா மூக்கெல்லாம் நடுவுல சேரும், தொட்டியில சாப்பிடற மாதிரி. இதுங்க மூக்கை வெளிய காட்டிக்கிட்டு நிக்குது, தலை அகலம், பின்பக்கம் குறுகல். கால் வேற தூண் மாதிரி. யானையாப் பிறந்தத எடுத்துத் தும்பிக்கைய நறுக்கி, மூக்கு ஓட்டை வரைஞ்சு, நூல்ல வாலு ஒட்டியிருக்காங்க. நம்ம ஊரு முழுக்க வளையத்தத் தேடுச்சு. பசங்கதான் யானையக் கண்டுபிடிச்சது."

ட்ராவ்காட் தொண்டையைக் கனைத்தார். "கண்ணு ரோசீனாவோடது. அதையும் சொல்லிடுங்க டீச்சரம்மா."

ரோசீனா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "யோவ் போஸ்ட்டு, இன்னொரு கூடை தோல் வீட்டுல இருக்கு."

"ரோசீனா கண்ணு மாதிரி" என்று திருத்தினார் சிடோனி. "நேத்து நீங்களே வரிசையா வச்சீங்களே. முதல்ல புள்ளி வழியுது. அப்புறம் பெருசா விழுது. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அடங்குது. ரோசீனாவுக்கு இந்தப் புள்ளி தூக்கத்துலயும் வரும். அவங்க எதுக்கு முதல் பன்னியில தடுமாறணும்? நான் பிள்ளைங்களுக்கு எழுதக் கத்துக்குடுக்கறவ. கத்துக்கற கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்தப் பன்னிக் கூட்டத்துலதான் யாரோ ரோசீனாவோட கண்ணைக் கத்துக்கிட்டிருக்காங்க. லேபரெக்டு மேல மட்டும் வயித்தெரிச்சல்னா வளையத்த அடுப்புல தள்ளியிருப்பாங்க. இவங்களுக்கு ரோசீனா மேலயும் வயித்தெரிச்சல். எழுதுன கண்ணை யாராவது பாக்கணும்னுதான் இங்க கொண்டுவந்து வச்சிருக்காங்க."

லேபரெக்ட் மெதுவாகத் தன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

கன்கோர்டியா தலை குனியவில்லை. "ஒட்டகத்துக்கு நான் பார்வை குடுத்தேன். கழுதைக்குக் குடுத்தேன். உங்க கோணக்கால் குதிரைக்கும் நான்தான் குடுத்தேன். யானை வந்ததும் அடுத்த வீட்டுக் கை கேக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க பீர்க்கடையில சொன்னீங்க. என்கிட்டயா சொன்னீங்க?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எரிக்கத்தான் எடுத்துட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை, நீங்க கோயில்ல பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தப்ப. பிளந்து பாத்தேன். அழகா இருந்துச்சு. எரிக்க மனசு வரல. அவ்வளவு அழகா இருந்ததால, அவ கையில குடுக்கவும் மனசு வரல. தும்பிக்கைய மட்டும் நறுக்கி அடுப்புல போட்டேன். அதுதானே உங்களுக்குப் பெருமை."

ரோசீனா கடைசிப் பன்றி ஒன்றைக் கயிற்றிலிருந்து உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புள்ளிய மூக்குப் பக்கமா நகத்தி வச்சிருக்க. யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல. அப்படி வச்சா பக்கத்துல இருக்கறவங்களப் பாக்கற மாதிரி இருந்துச்சு."

ரோசீனா பன்றியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் தூக்கம் போனது தனிக் கதை.

மாகிஸ்டர் ஓஸ்வால்ட் எழுந்து, சட்டையிலிருந்த தூசியைத் தட்டினார். "அம்மா, இவ்வளவு நல்ல பாடத்த நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பாத்ததில்ல. ஆனா நான் வந்தது யானைக்கு. எனக்குத் தெரியறது பன்னி. தும்பிக்கை இல்ல. தூக்குன தும்பிக்கையா, தொங்குன தும்பிக்கையா, இல்ல நடுவுல ஒடைஞ்சதா, யாரு கண்டா? கண்ணால பாத்தவங்க யாரும் இல்லாம சங்கத்துக்கு நான் என்ன சொல்றது?"

கன்கோர்டியா முதல்முறையாகத் தரையைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே மாகிஸ்டரின் வண்டிக்காரன், புறப்படுவதற்காகக் குதிரைமேலிருந்த போர்வையை எடுத்துவிட்டான். மலைமேல் வானம் வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

"பால்டசார் கொண்டுவந்த யானை தும்பிக்கைய இறக்கி வச்சிருந்தாலும் சுத்தமான வேலை" என்றார் மாகிஸ்டர். "அதையே எடுத்துக்கறேன்."

இப்போது ஊரே காத்திருந்த வேலை பால்டசார் மடியில் வந்து விழுந்தது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். சும்மா இருப்பதற்கு இவ்வளவு பெரிய பரிசு சாக்ஸனியில் அதற்குமுன் யாருக்கும் கிடைத்ததில்லை.

சிடோனி காப்பிப் பாத்திரத்தை அவர் பக்கம் நீட்டினார். "பால்டசார், திங்கக்கிழமை பட்டறையில நீங்க ஒண்ணு சொன்னீங்களாம். பிடரிப் பக்கமா உளிய விட்டா சுவர் நிக்காதுன்னு. லேபரெக்ட், நீங்க எந்தப் பக்கமா விட்டீங்க?"

"பிடரிப் பக்கமாத்தான். முன்பக்கம் இடமே கிடையாது."

"அத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் உளிகிட்டகூடச் சொல்லல டீச்சர்."

"சனிக்கிழமை பால்டசார் பாதி பீரை வச்சிட்டுப் போனாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வளையம் அங்கதான் இருந்துச்சு."

"ஊகந்தான்" என்றார் பால்டசார் உடனே. "நானும் கடைசல்காரன். எனக்கு ஊகிக்கத் தெரியாதா?"

"ஊகமாவே இருக்கலாம்" என்றார் சிடோனி. "என்னால இதுக்கு மேல எதையும் காட்ட முடியாது. பெட்டியில இன்னும் ஒரு கட்டை மிஞ்சுது, அவ்வளவுதான்."

இது நியாயமில்லை என்று ட்ராவ்காட்டுக்குத் தோன்றியது. இந்தக் கட்டத்தில் துப்பறிகிறவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாட்சியை உருவ வேண்டும். டீச்சரோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

பால்டசார் ஒரு பன்றியைக் கையிலெடுத்தார். பெருவிரலால் அதன் பிடரியிலிருந்து நெற்றிவரை வருடினார். மூக்கில் வெட்டிய இடத்துக்கு வந்ததும் விரல் நிற்கவில்லை; வெறும் காற்றில் மேலே ஏறி, வளைந்து, திரும்பி நெற்றிக்கு வந்து, ஒரு சின்னச் சுழி போட்டது. இல்லாத ஒன்றை அவ்வளவு சரியாகத் தடவ யாராலும் முடியாது. அதை அவரும் கவனித்தார். எல்லாரும் கவனித்தார்கள்.

"பீரை வச்சிட்டு நேரா அங்கதான் போனேன்" என்றார். "சாக்கை விலக்கி விரல விட்டேன். மேல போயி, நெத்திக்கு வந்து, நுனியில ஒரு சுருட்டு. சுவர் எங்கயும் தட்டல. அவ்வளவு மெல்லிசு, விரல் பட்டா கூசுது. திரும்ப மூடி வச்சிட்டு வந்துட்டேன்."

"இருந்துச்சுன்னு தெரிஞ்சும் ஏன்யா ஊரெல்லாம் இல்லேன்னு சொன்ன?" என்று கேட்டார் லேபரெக்ட்.

"இருந்துச்சே. அதனாலதான் சொன்னேன்."

இவ்வளவு நல்ல பாராட்டை லேபரெக்ட் யாரிடமிருந்தும் அதுவரை கேட்டதில்லை, அதைச் சொன்ன வாயைக் குத்தவும் கை வந்தது.

பால்டசார் மாகிஸ்டரிடம் திரும்பினார். அவர் முகம் பல் பிடுங்கக் கொடுத்தவனுடையதுபோல இருந்தது. "இப்பவும் நான் இல்லேன்னே சொல்லிடலாங்க. வேலை எனக்கு வந்துடும். ஆனா சனிக்கிழமையிலேந்து நான் கண்ணு மூடல. இல்லேன்னு சொன்னா, இல்லாத ஒண்ணுக்காகவா இத்தன ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன்?"

பன்றியை வட்டத்தில் அதன் இடத்திலேயே திரும்பச் செருகினார்.

"நடக்காதுன்னு சொன்னது நடந்ததுங்க. அவன் கடைஞ்சான்."